கன்டினியூட்டி: தமிழில் என்ன சொல்வது?

சாலிகிராமத்து டீக்கடைகளில் உதவி இயக்குநர்கள் வாயில் புழங்கும் சொல் ‘கன்டினியூட்டி’. முந்தைய ஷாட்டில் மேல் பட்டன் திறந்திருந்ததா, கிளாஸில் டீ எவ்வளவு இருந்தது என்ற கணக்குக்குத்தான் இந்தப் பெயர். ஒரே காட்சியைப் பத்து நாள் விட்டுக்கூட எடுப்பார்கள். கணக்கு வைக்க ஆள் வேண்டும். விண்வெளிக் கதை ஒன்றில் வேலை பார்த்த நண்பரின் செல்போன் முழுக்க ஹெல்மெட் படங்கள்தான், கண்ணாடியில் கீறல் எந்தப் பக்கம் என்று பார்க்க. ஒருநாள் நடிகர் எடுத்த செல்ஃபியை நம்பினார். செல்ஃபியில் இடவலம் மாறியிருந்தது. கீறல் வலப்பக்கம் போய்விட்டது.

சொல்லின் வேர் இலத்தீன். ‘கான்’ என்றால் சேர்த்து, ‘தெனேரே’ என்றால் பிடித்தல். சிதறாமல் சேர்த்துப் பிடித்திருப்பது. நம் ‘தொடர்’ என்ற சொல்லுக்கும் சங்கிலி என்ற பொருள் உண்டு. ஆகவே ‘காட்சித் தொடர்ச்சி’ நன்றாகவே பொருந்தும். வெறும் ‘தொடர்ச்சி’ என்றால் வாரப் பத்திரிகைக் கதை நினைவுக்கு வந்துவிடும்.

சரி, அது பிசகினால்? ‘தொடர்ச்சிப் பிழை’ என்கிறார்கள். எனக்கு ‘வழு’ பிடிக்கும். வழுவுதல் என்றால் நழுவுதல். பிடி நழுவினால் வழு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என நன்னூல் ஏழு வழுக்களைச் சொல்கிறது. ‘நேற்று வருவான்’ என்பது கால வழு. அடுத்த ஷாட்டில் டீ கூடியிருப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

‘லாஜிக் இடிக்குது’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் அறிவியல் பிழையும் கலந்துவிடுகிறது. தொடர்ச்சி வழுவில் படம் தன்னோடு முரண்படுகிறது; அறிவியல் வழுவில் உலகத்தோடு. 2013-இல் வந்த ‘கிராவிட்டி’ படத்தில் விண்வெளி வீரர்கள் ஹப்பிள் தொலைநோக்கியிலிருந்து பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு முதுகில் மாட்டிய உந்துகருவியோடு போய்விடுகிறார்கள். நிலநடுக்கோட்டுக்கு ஹப்பிளின் பாதை 28.5 பாகை சாய்வு, நிலையத்தின் பாதை 51.6 பாகை. பாதை மாற வினாடிக்குச் சுமார் 3 கிலோமீட்டர் வேக மாற்றம் தேவை. முதுகுப்பையில் அதற்கு எரிபொருள் கொள்ளாது.

ஆனால் அந்தப் பயணம் இல்லாவிட்டால் கதையே இல்லை. இதற்கும் இலக்கணத்தில் ஒரு சொல் இருக்கிறது: வழுவமைதி. காரணம் கருதி ஏற்றுக்கொண்ட வழு. சாப்பிட்டுக்கொண்டே ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோமே, அவசரத்துக்காக ஏற்ற கால வழுவமைதி அது. அதே படத்தில் நாயகியின் கண்ணீர் முகத்தைவிட்டுப் பிரிந்து துளியாக மிதக்கிறது. எடையற்ற நிலையில் அது பரப்பு இழுவிசையால் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். இதை வழு என்பேன். அழகுக்காக அமைதி என்று நீங்கள் வாதாடலாம்.

நண்பரின் கீறல் விஷயத்தில் எடிட்டர் ஷாட்டை இடவலமாகப் புரட்டிப் பார்த்தார். கீறல் சரியான பக்கம் வந்தது. நெஞ்சில் குத்தியிருந்த பெயர்தான் கண்ணாடியில் தெரிவதுபோல் ஆகிவிட்டது.