ரீமேக்: 'மறுபதிப்பு' என்று யார் சொல்லிக்கொடுத்தது?

போன ஞாயிறு மதியம் டிவியில் 'பாபநாசம்' போட்டார்கள். எத்தனையாவது தடவை என்று எங்கள் வீட்டில் எண்ணுவதை விட்டுவிட்டோம். விளம்பரம் முடிந்து படம் திரும்பும்போதெல்லாம் ஒரு கனத்த குரல், "திருஷ்யத்தின் தமிழ் மறுபதிப்பு" என்றது. முதல் தடவை பல்லைக் கடித்துக்கொண்டேன். நாலாவது தடவை சத்தமாகவே, "மறுபதிப்பு இல்லைய்யா!" என்றேன். சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்த அத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

அவருக்கும் சித்தப்பாவுக்கும் அதற்குள் வழக்கமான சண்டை தொடங்கியிருந்தது. நாகர்கோவில்காரர்களுக்குத் தமிழும் மலையாளமும் காதில் விழுந்தபடியே இருக்கும். அதனால் மோகன்லாலின் மலையாள 'திருஷ்யம்', கமல்ஹாசனின் தமிழ் 'பாபநாசம்' இரண்டையும் கரைத்துக் குடித்தவர்கள். கடைசியில், காணாமல்போன பையனின் பெற்றோரான ஐ.ஜி.யிடமும் அவர் கணவரிடமும் நாயகன் மன்னிப்புக் கேட்கும் இடம்தான் எப்போதும் தகராறு. மோகன்லால் அடக்கிப் பேசுகிறார். கமல்ஹாசன் உடைந்து அழுகிறார்.

"பொம்பளப் பிள்ளையப் பெத்தவன் அழாம என்ன செய்வான் மருமவனே?" என்றார் சித்தப்பா.

"அழட்டும் மாமா. ஆனா இவன் ஊரையே ஏமாத்தினவன்லா? கடைசி வரைக்கும் பிடி கொடுக்கமாட்டான். லாலேட்டன் கண்ணுலயே சொன்னத இவரு கண்ணீர்ல சொல்லுதாரு. அப்படியே ஈயடிச்சான் காப்பி. அடிக்காத இடம் இது ஒண்ணுதான், அதுலயும் கெடுத்துட்டாங்க."

இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது பிறகு. 'மறுபதிப்பு' என்ற சொல் மட்டும் சண்டையே போடவிடாமல் தீர்ப்பு எழுதிவிடுகிறது. அதுதான் என் ஆத்திரம்.

முதலில் சொல்லின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ரீமேக்கில் 'ரீ' லத்தீன் முன்னொட்டு. திரும்ப, மறுபடி என்று பொருள். 'மேக்' பழைய ஆங்கிலத்தின் 'மக்கியான்'. ஜெர்மன் 'மாஹென்' அதன் உறவுக்காரன். ஆக, ஆங்கிலத்திலேயே அது கலப்புமணச் சொல். மறுபடி செய்தது, அவ்வளவுதான் அதன் பொருள்.

'மறுபதிப்பு' எங்கிருந்து வந்தது? அச்சகத்திலிருந்து. பதித்தல் என்றால் அழுத்திப் படியவைப்பது. ஈய எழுத்துகளைக் கோத்து, மை தடவி, தாளில் பதித்த காலத்துச் சொல் அது. இன்றும் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் பின்பக்கத்தில் முதற்பதிப்பு இந்த ஆண்டு, மறுபதிப்பு அந்த ஆண்டு என்று போட்டிருக்கும். இரண்டிலும் நூல் அதேதான். எழுத்துப் பிழை நாலைத் திருத்தியிருக்கலாம், அட்டை மாறியிருக்கலாம், விலை கட்டாயம் ஏறியிருக்கும். மலையாள நாயகன் ஜார்ஜ்குட்டியைத் தமிழில் சுயம்புலிங்கம் ஆக்கி, இடுக்கியின் ராஜாக்காட்டிலிருந்து தாமிரபரணிக் கரைக்குக் குடிவைத்து, நெல்லைத் தமிழ் பேசவைத்தால் அது எந்த அச்சகத்தில் மறுபதிப்பு?

தெளிவு கெடுவது இன்னும் பெரிய குற்றம். 'கில்லி'யை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கில் 2003இல் வந்த 'ஒக்கடு' தமிழில் 2004இல் 'கில்லி' ஆனது. அதே 'கில்லி'யைப் புதுப்பித்து 2024 ஏப்ரலில் மறுபடி திரையரங்குக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாவதாகச் சொன்னதை மறுபதிப்பு என்றால் நான் கைதட்டுவேன். படம், பிரதி, பதிப்பு எல்லாம் ஒழுங்காகப் பொருந்துகிறது. ஆனால் 'ஒக்கடு – கில்லி' உறவுக்கும் அதே சொல்லை வைத்துவிட்டால், "கில்லி மறுபதிப்பு" என்று ஒருவர் சொல்லும்போது என்ன புரிந்துகொள்வது?

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். 'திருஷ்யம்', 'பாபநாசம்' இரண்டுக்கும் இயக்குநர் ஜீத்து ஜோசப். ஒளிப்பதிவாளர் சுஜித் வாசுதேவ் இரண்டிலும் உண்டு. ஐ.ஜி.யாக வரும் ஆஷா சரத்தும் அவரேதான். பல காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கேமரா நிற்கும் இடம்கூட மாறவில்லை. சரி. ஆனால் தமிழுக்கு வசனம் எழுதியவர் ஜெயமோகன். வீட்டுக்குள் பேசும் பேச்சு வேறு, கோபம் வேறு, நெற்றி வேறு. இதே கதை கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் 2014இல் போனபோதும், இந்திக்கு 2015இல் போனபோதும் இயக்குநரே மாறினார். சிங்களத்தில் 2017இல் வந்தது. இத்தனையையும் 'பதிப்பு' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதா?

இன்னும் சிலர் 'மொழிமாற்றுப் படம்' என்கிறார்கள். அது டப்பிங். உதட்டசைவு ஒரு மொழியிலும் குரல் இன்னொரு மொழியிலும் போகும் படத்துக்கு அந்தப் பெயர் எப்போதோ நிலைத்துவிட்டது. 'தழுவல்' நல்ல சொல், ஆனால் கை மிகவும் தளர்ந்தது. நாவலைப் படமாக்கினாலும் தழுவல், நாடகத்தைப் பெயர்த்தாலும் தழுவல். 'மறுஆக்கம்' பரவாயில்லை. ஆனால் அந்த 'மறு'வுக்கும் 'ஆ'வுக்கும் நடுவே பள்ளத்தில் வண்டி இறங்குவதுபோல ஒரு குலுக்கல். புணர்த்தி 'மறுவாக்கம்' என்று எழுதினால் தேர்தல் ஆணையம் மறுவாக்குப்பதிவு வைத்ததுபோல் இருக்கிறது. தவிர, 'மறு' என்றால் குறை, களங்கம் என்றும் பொருள் உண்டே. மாசு மறுவற்ற என்கிறோமே. ஆங்கிலத்தில் 'ரீ'யைக் கண்டதும் யோசிக்காமல் 'மறு'வையோ 'மீள்'ஐயோ ஒட்டிவிடும் மொழிபெயர்ப்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: தமிழில் இந்த உறவுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் தேடிப்பார்த்தீர்களா?

இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்ததுதான். நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. வழிநூலுக்குப் பவணந்தியார் சொல்லும் இலக்கணம் இது:

"முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்."

முன்னவர் நூலின் முடிவோடு முழுக்க ஒத்துப்போய், பின்னால் வருபவன் தான் விரும்பும் வேறுபாடுகளைச் சேர்த்துச் சொல்வது. பதின்மூன்றாம் நூற்றாண்டு முனிவர் ரீமேக்குக்கு இலக்கணம் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்! அவருக்கும் வெகுகாலம் முந்திய தொல்காப்பியம், வழிநூலின் வகைகளில் மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தலையும், அதாவது வேறு மொழி நூலைப் பெயர்த்து முறைப்படி தமிழில் செய்வதையும், சேர்த்திருக்கிறது. முன்மொழிதல், வழிமொழிதல் என்று கூட்டங்களில் இன்றும் சொல்கிறோம். வழித்தோன்றல் என்கிறோம். அந்த 'வழி'தான். முதற்படம், வழிப்படம். நாக்கில் குலுக்கல் இல்லை, இளப்பமும் இல்லை.

இந்த இலக்கணம் எவ்வளவு கூர்மையானது என்று பார்க்க வேண்டுமானால் சீனத்துக்குப் போக வேண்டும். (இந்தக் கதையின் முடிவு தெரியாதவர் யாராவது இன்னும் இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) மூலத்தில் நாயகன் ஒரு நாளுக்குப் பதில் இன்னொரு நாளை ஊரார் நினைவில் நட்டுவைத்து, கடைசிவரை சிக்காமல் போகிறான். 2019இல் சீனத்தில், தாய்லாந்தைக் களமாக வைத்து எடுத்தபோது, அந்தத் தகப்பன் தானாகவே சரணடைந்துவிடுகிறான். முடிபு ஒருங்கு ஒக்கவில்லை. ஆகவே அது வழி ஆகாது. ஒருபுறம் ஒத்து, மற்றதில் திரிந்து நிற்பதைச் சார்பு என்று நன்னூல் தனியாக எடுத்துவைத்திருக்கிறது. சார்புப்படம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நமக்கு இரண்டு கிடைக்கிறது. வசதியை வைத்துக்கொண்டு மறுபதிப்பில் போய்த் தலையை விடுகிறோம்.

டிக்கெட் வரிசையில் நின்று யாரும் "இது வழிப்படமா?" என்று கேட்கப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். பேச்சில் ரீமேக் இருந்துவிட்டுப் போகட்டும்; 'ரீமேக்' என்று சொல்பவர் யாரையும் குழப்புவதில்லை. எழுதும்போதும் மைக்கைப் பிடித்து அறிவிக்கும்போதும் தமிழில்தான் சொல்வேன் என்று கிளம்பினால், சரியான தமிழ்ச் சொல்லைச் சொல்லுங்கள் என்பதுதான் என் வழக்கு.

இதையெல்லாம் அன்றைக்கே சாப்பாட்டு இலைக்கு முன்னால் அவிழ்த்துவிட்டேன். சித்தப்பா பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அத்தான் மட்டும் பொறுமையாகக் கேட்டார்.

"வழிப்படம்னா ரோட்டுல போற படம் மாதிரில்லா இருக்கு?"

"அது பயணப்படம் அத்தான்."

மோரை ஊற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "அப்ப, கமல் அழுறது முடிபா, விகற்பமா?"

"முடிபு மாறலையே. விகற்பம்தான்."

"யாரு வேண்டுற விகற்பம்?"

"பின்னோன் வேண்டுறது."

"முன்னோனும் பின்னோனும் ஒரே ஆளுல்லா? அவருக்கு வேண்டியிருக்கும்," என்றார் அத்தான். "எனக்கு வேண்டாம்."