பவுடரை விட்ட முதல் வாரம்

இராமநாதபுரம் கடற்கரையில் பவுடர், அதாவது ஹெராயின், என்றால் அது பெரும்பாலும் பறிமுதல் செய்தி. மண்டபம் அருகே இத்தனை கிலோ, சர்வதேச மதிப்பு இத்தனை கோடி, படகு சிக்கியது, ஆள் தப்பினான். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். கடத்துகிறவர்களுக்கு இந்தக் கரை வாகாக இருக்கிறது. ஆனால் அந்தப் பொட்டலத்தில் ஒரு சிட்டிகை கரையிலேயே தங்கி, நம் வீட்டுப் பையன் கைக்கு வந்தால் அப்புறம் என்ன ஆகும் என்பது செய்தியில் வராது. விஷயம் வீட்டில் தெரிந்ததும் நடப்பது எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: அடி, அழுகை, சத்தியம், கடைசியில் ரூமில் போட்டுப் பூட்டுவது. "நாலு நாள் கிடந்தா தானா தெளிஞ்சிரும்."

நாலு நாளில் தெளியும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தெரியாததால்தான் உயிர் போகிறது.

முதலில் சரக்கைப் பார்ப்போம். கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதில் இருக்கும் மார்ஃபினுடன் 1874-இல் லண்டனில் ஆல்டர் ரைட் என்ற வேதியியலாளர் இரண்டு அசிட்டைல் துணுக்குகளை ஒட்டவைத்தார். 1898-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் அதையே ஹெராயின் என்ற பெயரில் இருமல் மருந்தாக விற்றது. அந்த இரண்டு துணுக்குகளால் அது கொழுப்பில் சுலபமாகக் கரைகிறது. மார்ஃபினைவிட வேகமாக மூளைக்குள் நுழைகிறது. நுழைந்ததும் துணுக்குகள் கழன்று பழையபடி மார்ஃபினாகிவிடுகிறது. ஆளைப் பிடித்து இழுப்பது அந்த வேகம்தான்.

ஒரு செடியின் பால் போய் ஒட்டிக்கொள்ள மூளையில் இடம் எப்படி வந்தது? 1973-இல் அபின் வகைப் பொருட்கள் வந்து ஒட்டும் அந்த இடங்கள், அதாவது ஓபியாய்டு ஏற்பிகள், கண்டுபிடிக்கப்பட்டன. 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் அந்த ஏற்பிகளுக்காக மூளை தானே தயாரிக்கும் என்கெஃபலின்களைப் பிரித்தெடுத்தார்கள். வலியைத் தணிக்க உடம்பு வைத்திருக்கும் சொந்த ஏற்பாடு அது. கசகசாச் செடி தற்செயலாக அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தினமும் வந்து உட்கார்ந்தால் மூளை சும்மா இருக்காது. தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பாய் காற்றை வாங்கிப் படகு சாயும்போது, ஆட்கள் எதிர்ப்பக்கம் பலகையில் ஏறி உட்கார்ந்து நிமிர்த்துவார்கள். காற்று ஏற ஏற அவர்கள் இன்னும் வெளியே நகர்வார்கள். திடீரென்று காற்று செத்தால்? அவர்கள் பாரமே படகை அவர்கள் பக்கம் கவிழ்க்கும். ஹெராயின்தான் காற்று. பலகையில் இருப்பது மூளையின் எதிர்வினை.

எதிர்வினை எங்கே நடக்கிறது என்பதும் தெரியும். மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சின்னஞ்சிறு பகுதி நார்அட்ரினலினைச் சுரக்கிறது. விழிப்பு, பதற்றம், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் முடுக்கும் வேதிப்பொருள் இது. ஹெராயின் அந்த செல்களை அமுக்குகிறது. அமுக்கத்தையும் மீறி வேலை செய்ய செல்கள் தங்கள் உள் இயக்கத்தைக் கூட்டிக்கொள்கின்றன. அதனால் பழைய அளவு போதாமல் போகிறது, ஆள் அளவைக் கூட்டுகிறான். சரக்கு நின்றதும் அமுக்கம் போய்விடுகிறது, கூட்டி வைத்த வேகம் மட்டும் நிற்கிறது. நார்அட்ரினலின் வெள்ளமாகப் பாய்கிறது. கண்மணி விரிகிறது, நாடி ஓடுகிறது, வியர்க்கிறது, மயிர்க்கூச்செறிகிறது. குடலிலும் இதே ஏற்பிகள் உண்டு. பவுடர் எடுத்த காலமெல்லாம் மலச்சிக்கல் இருந்தவனுக்கு, விட்டதும் பேதி பிடுங்கும்.

நேரக்கணக்கைப் பாருங்கள். கடைசியாக எடுத்ததிலிருந்து 8 முதல் 12 மணி நேரத்தில் ஆரம்பிக்கும். இராமேசுவரத்தில் விசைப்படகு காலையில் கிளம்பினால் மறுநாள் காலைதான் கரை. கிளம்பும் முன்பு எடுத்த பையனுக்கு நடுக்கடலில், வலை கிடக்கும் ராத்திரி நேரத்தில் முதல் கொட்டாவி வரும். தூக்கக் கொட்டாவி கிடையாது. விடாமல் வரும், கண்ணில் நீர் கொட்டும், மூக்கு ஒழுகும். கூட இருப்பவர்கள் பனி சேரவில்லை என்று நினைப்பார்கள். அப்புறம் எலும்புக்குள் குடைவது போல வலி, கால் உதறல், வாந்தி. இரண்டாவது மூன்றாவது நாளில் உச்சம். ஒரு வாரம் பத்து நாளில் உடம்பு அடங்கும்.

ஹெராயினை மட்டும் எடுத்த, மற்றபடி திடமான ஆள் இதில் பெரும்பாலும் சாக மாட்டான். செத்தால் தேவலை என்று தோன்றும், அவ்வளவுதான். ஆனால் வாந்தியும் பேதியுமாக மூன்று நாள், பூட்டிய அறையில், நம் ஊர் வெயிலில், குடிக்கத் தண்ணீர்கூட நிற்காமல் கிடந்தால் நீரிழப்பு ஆளை முடித்துவிடும். இன்னொரு சிக்கல்: வெறும் ஹெராயினோடு நிற்பவர்கள் குறைவு. கூடவே சாராயமும் தூக்க மாத்திரையும் ஓடியிருந்தால், அவற்றைச் சட்டென்று நிறுத்துவதில் வலிப்பும் ஜன்னியும் வரும், அது உயிரை எடுக்கும். எது எது உள்ளே போயிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மருத்துவமனையில் சிறுநீர்ப் பரிசோதனையும், அதட்டாமல் கேட்கும் கேள்வியும் முதல் வேலையாக இருப்பது இதனால்தான். கர்ப்பிணி என்றால் திடீரென்று நிறுத்தவே கூடாது, கருவுக்கு ஆபத்து.

வார்டில் நடப்பதை எட்டிப் பார்த்தால் முதலில் கோபம்தான் வரும். பையன் சுருண்டு கிடக்கிறான், மருந்து இருக்கிறது, டாக்டர் கொடுக்க மாட்டேன் என்கிறார். நாடியை எண்ணுகிறார், கண்மணியை அளக்கிறார், ஒரு நிமிடத்தில் எத்தனை கொட்டாவி என்றுகூடப் பார்க்கிறார். மொத்தம் 11 அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டினால் போதுமான அளவு வரும்வரை காத்திருப்பார். வீட்டார் இதைக் கல்நெஞ்சம் என்று நினைப்பதுண்டு.

காரணம் புப்ரினார்ஃபின் என்ற மருந்தின் குணம். அதுவும் ஹெராயின் உட்காரும் அதே ஏற்பியில்தான் உட்காருகிறது. ஹெராயினைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஏற்பியை முழு வேகத்தில் முடுக்காது, பாதியிலேயே நின்றுவிடும். ஹெராயின் இன்னும் உட்கார்ந்திருக்கும்போது கொடுத்தால், முழு வேகக்காரனைத் தள்ளிவிட்டு அரை வேகக்காரன் உட்காருகிறான். இரண்டு நாளில் வரவேண்டிய அவஸ்தை அரை மணி நேரத்தில் மொத்தமாக இறங்கும். ஹெராயின் தானாகக் காலி செய்த பிறகு அதே மருந்தைக் கொடுத்தால், வெறுமையாக நிற்கும் ஏற்பிக்குப் பாதி நிறைவு கிடைக்கிறது, நடுக்கம் அடங்குகிறது. ஒரே மாத்திரை, ஆறு மணி நேரம் முன்னே பின்னே கொடுப்பதில் வரும் வித்தியாசம் இது. இந்த ஒரு காரணத்துக்காகவே, யாரிடமோ வாங்கி வீட்டில் கொடுத்துப் பார்க்கும் வேலை ஆகாது.

மாத்திரையை விழுங்கக் கூடாது. நாக்குக்கு அடியில் வைத்து ஐந்து பத்து நிமிடம், பேசாமல், எச்சிலை விழுங்காமல், டீ கேட்காமல். வயிற்றுக்குப் போனால் கல்லீரல் பெரும்பகுதியை உடைத்துவிடும். முதல் தடவை 2 அல்லது 4 மில்லிகிராம், பார்த்துவிட்டு மேலே. நர்ஸ் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பார். கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்து வெளியே விற்பவர்களும் உண்டு. அதற்காகவே மாத்திரையில் நாலுக்கு ஒரு பங்கு, ஓபியாய்டின் வேலையைத் தடுக்கும் நலாக்ஸோன் கலந்திருக்கும். நாக்கடியில் வைத்தால் நலாக்ஸோன் ஏறக்குறைய உறிஞ்சப்படாது. கரைத்து ஊசியில் ஏற்றினால் உடனே எதிர்வேலை காட்டும்.

குளோனிடின் என்ற ரத்தஅழுத்த மருந்தும் பயன்படுகிறது. அது அந்த லோகஸ் செருலியஸையே நேராகப் போய் அமுக்குகிறது. அழுத்தம் இறங்கிவிடும் என்பதால், ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவன் தலைசுற்றி விழுவான். ஒவ்வொரு வேளைக்கும் முன்பு அழுத்தம் பார்ப்பது இதற்குத்தான். பேதிக்கு மருந்து, வலிக்கு மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல், தேவைப்பட்டால் டிரிப்ஸ். ஊசி போட்டுக்கொண்டவர் என்றால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சோதனைகளும் செய்வார்கள். மயக்க மருந்து கொடுத்து ஒரே நாளில் எடுத்துவிடுகிறோம் என்று விளம்பரம் செய்பவர்கள் பக்கம் போக வேண்டாம். அதில் உயிர்கள் போயிருக்கின்றன.

சரி, பத்து நாள் ஆயிற்று. பையன் சாப்பிடுகிறான், முகம் தெளிந்திருக்கிறது, அம்மா திருஷ்டி கழிக்கிறார். பெரும்பாலான வீடுகளில் சிகிச்சை இங்கேயே முடிகிறது. ஆபத்து தொடங்குவதும் இங்கேதான்.

பலகையிலிருந்த ஆட்கள் இப்போது உள்ளே வந்துவிட்டார்கள். உடம்பின் தாங்குதிறன் இறங்கிவிட்டது, ஆசை இறங்கவில்லை. தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத மனநிலையும் வாரக்கணக்கில், சில பேருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். ஒருநாள் மனம் தளர்ந்து, பழைய கணக்கில் பழைய அளவையே எடுப்பான். அந்த அளவு இப்போது அவன் மூச்சை நிறுத்தப் போதுமானது. மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் பகுதியும் இதே ஏற்பிகளுக்குக் கட்டுப்பட்டது. நச்சு நீக்கும் வார்டிலிருந்தோ ஜெயிலிலிருந்தோ வெளியே வந்த முதல் இரண்டு வாரம் மிக மோசமான காலம் என்பது பல நாடுகளில் பார்த்த உண்மை. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உதடு நீலம் பூத்து, குறட்டை போல மூச்சு திணறினால், தூங்குகிறான் என்று விட்டுவிடாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். நலாக்ஸோன் ஊசி நிமிடங்களில் மூச்சைத் திருப்பும்.

இடமும் பேசுகிறது. வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை, ஊர் திரும்பிய பிறகு லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து பார்த்தார். முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் ஏறக்குறைய 5 சதவீதம் மட்டுமே. போர்க்களத்தையும் அங்கே சரக்கு கொடுத்த ஆட்களையும் அவர்கள் அங்கேயே விட்டு வந்திருந்தார்கள். நம் பாம்பன் பையன் திரும்பிப் போவது அதே ஜெட்டிக்கு, அதே கூட்டாளிகளிடம். படகு வந்து மீனை விலை போட்டுப் பங்குக் காசு கைக்கு வரும் அந்த அரைமணி நேரம் அவனுக்கு மிகக் கஷ்டமான நேரம். பங்கை நேராக வீட்டுக்காரி கையில் கொடுத்துவிடச் சொல்வது அற்ப யோசனையாகத் தெரியலாம். ஆலோசகர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

ஆகவே, மருந்தை மாதக்கணக்கில், தேவைப்பட்டால் ஆண்டுக்கணக்கில் தொடர்வதுதான் இன்று உலகம் ஏற்றுக்கொண்ட சிகிச்சை. "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். புப்ரினார்ஃபின் ரத்தத்தில் மெல்ல ஏறி நின்று நிலைக்கிறது. மிதப்பும் தவிப்புமாக நாளுக்கு மூன்று தடவை அலைக்கழிப்பது இல்லை. ஓரளவுக்கு மேல் மூச்சையும் அமுக்காது. தொடர்ந்து எடுப்பவர்களின் மரண ஆபத்து, எடுக்காதவர்களைவிடப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது. சர்க்கரைக்கு மாத்திரை போடுபவரை யாரும் மாத்திரை அடிமை என்பதில்லை. மெத்தடோனும் இப்படித் தொடர்ந்து கொடுக்கும் மருந்துதான். 2005-இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஏற்பியை முழுக்க அடைத்துவிடும் நால்ட்ரெக்ஸோன் இன்னொரு வழி. அதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள் சுத்தமாக இருந்தாக வேண்டும், தினமும் மறக்காமல் போடும் உறுதியும் வேண்டும். தினசரி மையத்துக்கு வந்து வாங்க வேண்டிய மருந்தும் கடல் தொழிலும் ஒத்துப்போவது சிரமம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். சிகிச்சையைத் தொடங்க அதைவிடத் தோதான காலம் இந்தக் கரையில் கிடையாது.

2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு, நாட்டில் சுமார் 60 லட்சம் பேருக்கு ஓபியாய்டுப் பழக்கத்துக்காக உதவி தேவை என்றது. போலீஸுக்குப் பயந்து ஒளிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவு, சிறு அளவு வழக்கில் மாட்டிய அடிமையே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது.

பூட்டிவைக்கும் விஷயத்தில் இந்த மாவட்டத்துக்கு மற்றவர்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அவர்கள் போதை அடிமைகள் இல்லை என்றாலும், கட்டிப்போட்டால் சரியாகும் என்ற நம்பிக்கை ஒன்றுதான். பின்னாளில் ஏர்வாடி தர்காவிலேயே துவா என்ற பிரார்த்தனையோடு மருந்தும் தரும் ஏற்பாடு வந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. போதைச் சிகிச்சையும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. மறுவாழ்வு மையம் என்று போர்டு தொங்கும் இடத்தில் சேர்க்கும் முன், பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், என்ன மருந்து கொடுக்கிறார்கள், குடும்பம் எப்போது வந்து பார்க்கலாம் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் 14446-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. அருகில் உள்ள அரசு உதவி பெறும் மையத்தைச் சொல்வார்கள்.