உலையிலிருந்து எழுந்த கலகம்

1434ஆம் ஆண்டுக் கோடையில் சுவீடனின் டாலர்னா பகுதி மக்கள் போர்கனேஸ் கோட்டையைக் கொளுத்தினர். அவர்களின் தலைவர் எங்கெல்பிரெக்ட் எங்கெல்பிரெக்ட்சன், நூர்பெரி வட்டாரத்துச் சுரங்க உரிமையாளர். டென்மார்க்கிலிருந்து ஆண்ட மன்னர் எரிக்கின் வரிச்சுமையும், வெஸ்டெரோஸ் கோட்டை அதிகாரி யெஸ்ஸே எரிக்சனின் கொடுமையும் கலகத்தின் காரணங்கள் எனப்படுகின்றன. அவை உண்மையே; ஆயினும் முதல் தீ சுரங்கப் பகுதியில் ஏன் பற்றியது என்பதை அங்கிருந்த இரும்பு உலைதான் விளக்கும்.

பழைய சிற்றுலைகளில் இரும்பு உருகுவதில்லை. தாது ஆக்சிஜனை இழந்து, கசடு கலந்த பஞ்சு போன்ற கட்டியாகவே கிடைக்கும். நூர்பெரிக்கு அருகே லாப்ஹிட்டானில் அகழ்ந்தெடுக்கப்பட்ட உலையோ, எங்கெல்பிரெக்டின் காலத்துக்கு முந்தையதாயினும், வேறு வகையைச் சேர்ந்தது. ஓடைநீர் சுழற்றிய சக்கரம் துருத்திகளை இயக்க, மரக்கரி எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடு தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். எஞ்சிய இரும்பு கரியிலிருந்து ஏறத்தாழ 4 விழுக்காடு கார்பனை உறிஞ்சும். தூய இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும்; இவ்வளவு கார்பன் சேர்ந்துவிட்டாலோ 1150 டிகிரியை ஒட்டியே அது உருகி ஓடத் தொடங்கும். அவ்வாறு கிடைக்கும் இரும்பு சம்மட்டியடியில் நொறுங்கிவிடும் என்பதால், அதைத் திறந்த உலையில் மீண்டும் உருக்கி, காற்றை ஊதிக் கார்பனை எரித்து நீக்கினர். பின்னர் சுமார் 300 கிராம் எடையுள்ள ‘ஓஸ்முண்ட்’ துண்டுகளாக வெட்டி, பீப்பாய்களில் அடைத்து ஸ்டாக்ஹோம் வழியாக வட ஜெர்மனியின் லூபெக் நகருக்கு அனுப்பினர்.

இடையில் குளிர்ந்தால் உருகியது உள்ளேயே உறைந்துவிடும். ஆகவே மூட்டிய உலையை இரவும் பகலும் காக்க வேண்டும். அதற்கான கரியையும் ஆள்பலத்தையும் ஒரு குடும்பம் தனியே திரட்டுவது அரிது. பலர் பங்காளிகளாகச் சேர்ந்தே உலையை நடத்தினர். கூடிப் பேசி ஒன்றாகச் செயல்படும் அந்தப் பழக்கமே கலகத்துக்கும் கைகொடுத்தது என்பது என் எண்ணம்.

இவ்வளவு உழைப்பும் கடல்வழிச் சந்தையை நம்பியிருந்தது. 1426இல் எரிக்குக்கும் லூபெக் தலைமையிலான ஹான்சா வணிகக் கூட்டமைப்புக்கும் போர் மூண்டபின் அந்த வழி அடைபட்டது. இரும்பு வெளியே போவதும் உப்பு உள்ளே வருவதும் தடைப்பட்டன. வரித் தண்டல் மட்டும் நிற்கவில்லை.

பிரபுக்கள் தாமாகக் கலகத்தின் பக்கம் வரவில்லை. மன்னரைத் துறக்கும் கடிதத்துக்கு இணங்கவைக்க, வாட்ஸ்டேனாவில் எங்கெல்பிரெக்ட் ஓர் ஆயரின் கழுத்துப்பட்டியைப் பற்றியதாக அக்காலச் செய்யுள் வரலாறு சொல்கிறது. 1435 ஜனவரியில் ஆர்பூகா நகரில் கூடிய கூட்டம் எங்கெல்பிரெக்டை நாட்டின் படைத்தலைவராகத் தேர்ந்தது. மறு ஆண்டே யெல்மாரன் ஏரியிலுள்ள தீவொன்றில் மோன்ஸ் பெங்ட்சன் என்ற பிரபு அவரைக் கோடரியால் வெட்டிக் கொன்றார். உழவர்கள் உடலை மெல்லோசா தேவாலயத்துக்குக் கொண்டு சென்றனர். பின்னர் அது எரேப்ரூவுக்கு மாற்றப்பட்டது.