பிரிட்டனில் ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே தயாரிக்கலாமா? சட்டம் சொல்வது என்ன

தயாரிக்கலாம். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் ஃபயர்ஆர்ம் சர்டிஃபிகேட் (போலீஸ் தரும் துப்பாக்கிச் சான்றிதழ்) வைத்திருப்பவர் தன் ரைஃபிளுக்கான தோட்டாவைச் சொந்த உபயோகத்துக்காகத் தானே தயாரித்துக்கொள்ளத் தனி உரிமம் எதுவும் வேண்டாம். அதற்கான பிரஸ் (அழுத்தும் கருவி), டை (அதில் பொருத்தும் அச்சு), தராசு ஆகியவற்றுக்கும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வட அயர்லாந்துக்குச் சட்டமே வேறு. அங்கே வசிப்பவர்கள் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்து ஓராண்டு ஆனவர்களுக்கு ரீலோடிங், அதாவது தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ளும் ஆசை வருவது இயல்பு. கடைத் தோட்டா பொதுவாக எல்லா ரைஃபிளுக்கும் பொருந்தும்படி செய்யப்பட்டது. ஒரு குறிப்பிட்ட ரைஃபிளுக்கு எது ஒத்துப்போகிறது என்பதை நாமே பொறுமையாகத் தேடிக் கண்டுபிடிக்கும்போது இலக்கில் துளைகள் நெருங்கி விழும். 100 கஜத் தூரத்தில் சுடுபவர்கள் எடை குறைந்த குண்டையே (தோட்டாவிலிருந்து பறந்து போகும் முனை) பெரும்பாலும் விரும்புவார்கள். தோளில் உதைப்பு குறைவு. தூரம் கூடக் கூட, காற்று அதை எளிதாகத் தள்ளிவிடும் என்பதுதான் குறை.

இனி சட்டத்துக்கு வருவோம். தோட்டாவின் பாகங்களான பித்தளைக் கூடு, ப்ரைமர் (கூட்டின் அடியில் தீப்பொறி தரும் சிறு மூடி), பவுடர் (வெடிமருந்து), குண்டு என்ற நான்கையும் சட்டம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. இது புரியாததால்தான் பலர் தேவையில்லாத இடத்தில் பயந்து, பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருக்கிறார்கள்.

இலக்குச் சுடுதலுக்கான சாதாரணக் குண்டும் வெறும் கூடும் தடையில்லாமல் விற்கப்படும் பொருள்கள். ப்ரைமர் அப்படியல்ல. 2006ஆம் ஆண்டின் வன்குற்றக் குறைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவுப்படி, வாங்குபவர் தன் சர்டிஃபிகேட்டைக் காட்டினால்தான் கடைக்காரர் ப்ரைமரை விற்க முடியும். ப்ரைமர் ஏற்கெனவே பொருத்தப்பட்ட கூட்டுக்கும் இதே விதிதான். பவுடர் 2014ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிமுறைகளுக்குள் வருகிறது. இன்றைய ரைஃபிள்களில் பயன்படும் புகையில்லாப் பவுடரைச் சொந்த உபயோகத்துக்காக ஓர் எடை வரம்பு வரை உரிமம் இல்லாமல் வீட்டில் வைக்கலாம். பழைய கறுப்புப் பவுடருக்கு மட்டும் போலீஸ் தரும் தனி வெடிபொருள் சான்றிதழ் வேண்டும். எந்தப் பவுடரானாலும் அது வந்த டப்பாவிலேயே இருக்கட்டும். கண்ணாடிப் புட்டியிலோ இறுக்கமான இரும்புப் பெட்டியிலோ மாற்றி வைப்பது பெரிய ஆபத்து.

நான்கும் ஒன்றுசேர்ந்த கணத்தில் அது 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் 1ஆம் பிரிவில் சொல்லும் தோட்டா ஆகிவிடுகிறது. ரீலோடிங் செய்பவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான். சர்டிஃபிகேட்டில் ஒவ்வொரு காலிபருக்கும் (தோட்டாவின் அளவு வகை) இரண்டு எண்கள் இருக்கும்: ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வாங்கலாம், எத்தனை கைவசம் வைத்திருக்கலாம். நீங்களே செய்த தோட்டாவும் இரண்டாவது கணக்கில் சேரும். உதாரணமாக, .308 காலிபரில் 600 வைத்திருக்கலாம் என்று இருக்கிறது, அலமாரியில் கடைத் தோட்டா 450 கிடக்கிறது என்றால் அன்று இரவு 150க்கு மேல் நிரப்பக் கூடாது. பாகங்கள் தனித்தனியாக இருக்கும்வரை இந்த எண்ணிக்கையில் வராது. ஆகவே வார இறுதிக்குத் தேவையானதை மட்டும் நிரப்புங்கள். அந்த எண் உங்களுக்குப் போதவில்லை என்றால், ரீலோடிங் செய்கிறேன் என்ற காரணத்தைச் சொல்லி உயர்த்தித் தரும்படி போலீஸிடம் கேட்கலாம். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

உங்கள் சர்டிஃபிகேட்டில் இல்லாத காலிபரில் தோட்டா செய்யவே கூடாது. "தம்பி, எனக்கும் கொஞ்சம் நிரப்பிக் கொடு" என்று கிளப்பில் அண்ணன் ஒருவர் கேட்டால் மறுத்துவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் வந்த பிறகு, அனுமதி இல்லாத தோட்டாவைத் தயாரிக்கும் நோக்கத்தோடு பாகங்களை வைத்திருப்பதே குற்றம். தயாரித்ததை விற்பதற்கோ, பதிவு பெற்ற துப்பாக்கி வியாபாரியாக இருக்க வேண்டும். காசு வாங்காமல் கொடுத்தாலும், அந்தத் தோட்டாவால் இன்னொருவர் கையில் ரைஃபிள் வெடித்தால் பொறுப்பு உங்கள் தலையில்தான்.

சரி, எப்படிப்பட்ட தோட்டா செய்யலாம்? இதைச் சட்டத்தைவிடப் போட்டி விதியும் சுடுதள விதியும்தான் தீர்மானிக்கின்றன. டார்கெட் ரைஃபிள் என்ற போட்டிப் பிரிவில் .308 காலிபருக்குக் குண்டின் எடை 156 கிரெயினுக்குள் இருக்க வேண்டும். அதாவது சுமார் 10 கிராம். 155 கிரெயின் குண்டுகள் இத்தனை வகையில் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் பிஸ்லி சுடுதளத்தில் நடக்கும் இம்பீரியல் மீட்டிங் என்ற வருடாந்தரப் போட்டியில் டார்கெட் ரைஃபிள் போட்டியாளர்கள் எல்லோருக்கும் ஒரே தோட்டாவை வழங்குவதே வழக்கம். சொந்தத் தயாரிப்பைக் கொண்டுவர முடியாது. மேட்ச் ரைஃபிள், எஃப் கிளாஸ் பிரிவுகளில்தான் ரீலோடிங்குக்கு முழு வேலை. இது தெரியாமல், அந்த டார்கெட் ரைஃபிள் போட்டியின் பெரிய பரிசான கிங்ஸ் பிரைஸ் கனவோடு பிரஸ் வாங்கிவிடாதீர்கள்.

எடை குறைந்த குண்டை விரும்புபவர்கள் கவனிக்க வேண்டியது வேகம். குழல்வாயில் வேகம் நொடிக்கு 1000 மீட்டரையோ ஆற்றல் 4500 ஜூலையோ தாண்டினால், பிரிட்டனின் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் அதை உயர் ஆற்றல் வகையில் சேர்த்துக் கூடுதல் கட்டுப்பாடு விதிக்கிறது. 155 கிரெயின் குண்டு நொடிக்கு 900 மீட்டரில் போனால் ஆற்றல் ஏறக்குறைய 4070 ஜூல், கவலையில்லை. .22-250 போன்ற காலிபரில் 40 கிரெயின் குண்டு ஆற்றல் வரம்புக்கு வெகு கீழே இருக்கும், ஆனால் வேக வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும். குண்டு லேசானது, ஆகவே பாதுகாப்பானது என்று எண்ணுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கிளப்பில் குரோனோகிராஃப் இருந்தால் வேகத்தை அளந்து எழுதிவையுங்கள். பவுடர் அளவை அதைத் தயாரித்த நிறுவனத்தின் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். வாட்ஸாப்பில் வரும் எண்களை நம்பாதீர்கள்.

இலக்குச் சுடுதலுக்காகப் புதிதாகச் சர்டிஃபிகேட் எடுப்பவர்கள் அரசு அங்கீகரித்த கிளப்பில் குறைந்தது 3 மாதத் தகுதிகாண் காலத்தை முடிக்க வேண்டும். பிறகு போலீஸிடம் விண்ணப்பம், உங்களைப் பற்றி உறுதி சொல்லும் இருவர், குடும்ப டாக்டரின் மருத்துவத் தகவல், வீட்டுப் பாதுகாப்பைப் பார்க்க வரும் அதிகாரி. 2025 பிப்ரவரி முதல் புதிய சர்டிஃபிகேட்டுக்குக் கட்டணம் 198 பவுண்ட், புதுப்பிக்க 131 பவுண்ட். 5 ஆண்டு செல்லும்.

துப்பாக்கி அலமாரிச் சாவி பற்றி நம் வீடுகளில் சற்றுக் கண்டிப்பாகவே இருக்க வேண்டியிருக்கிறது. சர்டிஃபிகேட் உங்கள் பெயரில் என்றால் சாவி இருக்கும் இடம் மனைவிக்கோ கணவருக்கோ அப்பாவுக்கோ தெரியக் கூடாது. வீட்டில் ஒளிவுமறைவு எதற்கு என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்ளலாம். சட்டத்தை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். ப்ரைமரையும் பவுடரையும் குழந்தைகள் கைக்கு எட்டாமல், ஒன்றுக்கொன்று தள்ளி வையுங்கள்.

புதுப்பிக்கும் விண்ணப்பம் காலாவதித் தேதிக்கு 8 வாரம் முன்பே போலீஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அப்படிச் சேர்ந்திருந்தால், அவர்கள் தரப்பில் தாமதமானாலும் பழைய சர்டிஃபிகேட் தானாகவே 8 வாரம் நீளும். அதற்குப் பிந்திவிட்டால் அந்தச் சலுகை இல்லை. காலாவதியான மறுநாள் அலமாரியில் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் அது சட்டவிரோதம். அந்த நிலை வரும்போல் தெரிந்தால், கெடு முடியும் முன்பே ரைஃபிளையும் நிரப்பிய தோட்டாக்களையும் பதிவு பெற்ற வியாபாரியிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.