எக்ஸ்போஷர்: 'வெளிப்பாடு' வேண்டாம், 'ஒளிபடல்' போதும்

"வெளிப்பாட்டைக் குறைத்தால் படத்தின் வெளிப்பாடு இன்னும் கூடும்." ஒளிப்படக்கலை வகுப்புக் குறிப்பில் இப்படி ஒரு வரி. முதல் வெளிப்பாடு எக்ஸ்போஷர், இரண்டாவது எக்ஸ்பிரஷன். படத்தைக் கொஞ்சம் இருட்டாக்கினால் உணர்ச்சி தூக்கலாகத் தெரியும் என்று சொல்ல வந்திருக்கிறார்கள். கருத்து சரிதான், படிக்கிற மாணவனுக்குத்தான் தலை சுற்றும். பாடக் குறிப்பு, காணொளி, கேமரா மெனு என்று எங்கே திரும்பினாலும் இதே சொல்.

எக்ஸ்போஷர் என்ற சொல்லுக்கு வேர் லத்தீன் 'எக்ஸ்போனெரே': வெளியே வைப்பது. வெயிலும் காற்றும் படும்படி வைப்பது என்ற பொருளிலிருந்து ஒளிப்படக்கலைக்கு வந்தது. பிலிமிலோ சென்சாரிலோ ஒளி விழ விடுவதும், அப்படி விழுந்த ஒளியின் அளவும் எக்ஸ்போஷர். அந்த அளவு ஒளியின் செறிவையும் அது விழும் நேரத்தையும் பொறுத்தது. எஃப் எண் லென்ஸ் திறப்பைக் குறிக்கும், எண் சிறிதானால் திறப்பு பெரிது. எஃப்/8-ஐ விட எஃப்/5.6-ல் இரு மடங்கு ஒளி வரும், நேரத்தைப் பாதியாக்கினால் சரியாகிவிடும். அதனால்தான் எஃப்/8-ல் 1/125 நொடியும், எஃப்/5.6-ல் 1/250 நொடியும் ஒரே எக்ஸ்போஷர்.

இதில் 'வெளிப்பாடு' எங்கே வருகிறது? உள்ளே இருப்பது வெளியே வந்தால் அது வெளிப்பாடு. கோபம் வெளிப்படும், உண்மை வெளிப்படும். இங்கே நடப்பதோ நேர் எதிர்: வெளியே இருக்கும் ஒளி உள்ளே போய் விழுகிறது. திசையே மாறிவிட்டது.

'பிலிமை ஒளிக்கு வெளிப்படுத்துகிறோம், அதனால் வெளிப்பாடு' என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். தமிழில் ரகசியத்தை வெளிப்படுத்துவோம், திறமையை வெளிப்படுத்துவோம். ஒரு பொருளை இன்னொன்றுக்கு 'வெளிப்படுத்துவது' ஆங்கில வாக்கியத்துக்குத் தமிழ் எழுத்து போட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஒளி பட்டதும் பிலிமில் உருவம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தே இருக்கும், ரசாயனத்தில் நனைத்த பிறகுதான் எழும்பி வரும். காகிதத்தில் அப்படி மறைந்திருக்கும் உருவத்தை வரவழைக்கலாம் என்று ஒளிப்படக்கலையின் ஆங்கிலேய முன்னோடி டால்பாட் 1840-ல் கண்டார். வெளிப்பாடு என்ற சொல்லை எதற்காவது கொடுத்தே தீர வேண்டுமென்றால் டெவலப் செய்வதற்குக் கொடுக்கலாம். மறைந்தது வெளிப்படும் இடம் அதுதானே! வடிவமைப்புப் பாடத்தில் சமநிலை, அழுத்தம், கான்ட்ராஸ்ட் பற்றிப் பேசும்போது எக்ஸ்பிரஷன் நிமிடத்துக்கு ஒரு தரம் வரும். அதற்கு நன்றாக உழைக்கும் ஒரு சொல்லை இங்கே இழுத்து வந்து இரண்டையும் கெடுப்பானேன்?

ஒளிபடல் என்றால் போதும். 'வெயில் படுகிறது', 'முகத்தில் வெளிச்சம் படட்டும்' என்று சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம். மிகை ஒளிபடல், குறை ஒளிபடல், நீள் ஒளிபடல், இரட்டை ஒளிபடல் என்று கூட்டுச் சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. 'ஒளிப்படம்' என்பதோடு குழம்பாதா என்றால், குழம்பாது. அங்கே ஒற்று மிகும். இங்கே ஒளி எழுவாய், அதனால் மிகாது. ஒளியேற்பு என்றும் சிலர் எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் எனக்குப் பதவியேற்பு விழாதான் நினைவுக்கு வருகிறது.

அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டும் பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் வேர். படத்தில் முக்கியப் பொருளைச் சுற்றிக் காலியாக விடும் இடமான நெகட்டிவ் ஸ்பேஸ் 'எதிர்மறை இடம்' ஆகிறது, வாஸ்து பார்க்க ஆள் அனுப்ப வேண்டியதுபோல. வெற்றிடம் என்றால் எவருக்கும் புரியும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை 'வெளிப்பாடு இழப்பீடு' என்று போட்டிருந்ததையும் பார்த்தேன். யாருக்கு என்ன நஷ்டம், யார் இழப்பீடு தருகிறார்கள்? கேமரா கணித்த அளவைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் அது. ஒளிபடல் திருத்தம் என்று எழுதுங்கள். வாயில் வராவிட்டால் எக்ஸ்போஷர் என்றே சொல்லுங்கள், அதற்கு நான் சண்டைக்கு வரமாட்டேன்.