புது ப்ராசஸர் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறதா? முதலில் வாட் எல்லையைப் பாருங்கள்

2024 ஆகஸ்டில் ஏஎம்டியின் ரைசன் 7 9700எக்ஸ் ப்ராசஸர் சந்தைக்கு வந்ததும் பலர் அதை முந்தைய தலைமுறை 7700எக்ஸ் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் 8 கோர், 16 த்ரெட். பழையதன் பெட்டியில் 105 வாட், புதியதில் 65 வாட். வேகமும் கொஞ்சம் கூடுதல். ஆகவே புதியதில் இருக்கும் ஜென் 5 வடிவமைப்பு மின்சாரத்தைப் பெருமளவு குறைத்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். அந்தக் கணக்கில் ஒரு ஆள் விட்டுப்போயிருந்தார்: ரைசன் 7 7700. எக்ஸ் இல்லாத இந்த மாடல் 2023 ஜனவரியிலேயே வந்துவிட்டது. சிப் 7700எக்ஸில் இருக்கும் அதே ஜென் 4 சிப்தான், பெட்டியில் போட்ட வாட் மட்டும் 65. எல்லா கோரும் ஓடும் வேலைகளில் அது 7700எக்ஸைவிட 10 சதவீதத்துக்குள்தான் பின்தங்கும். 9700எக்ஸை அதோடு ஒப்பிட்டால், பிரமாதமாகத் தெரிந்த மின்சிக்கனத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். மிச்சம் இருப்பதுதான் ஜென் 5 தந்த உண்மையான முன்னேற்றம்.

தலைமுறையும் வாட் எல்லையும் ஒரே நேரத்தில் மாறினால், எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. புது ப்ராசஸரை மதிப்பிடுவதில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்.

காரணம் எளிய இயற்பியல். சிப் இழுக்கும் மின்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் கடிகார வேகத்தையும் பெருக்கியதற்கு ஏற்பக் கூடும். ஒரு கணக்குக்கு, 5.0 கிகாஹெர்ட்ஸுக்கு 1.15 வோல்ட் போதும், 5.5க்கு 1.35 வோல்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேகம் 10 சதவீதம்தான் கூடுகிறது, மின்திறனோ ஏறக்குறைய 50 சதவீதம் கூடிவிடுகிறது. கடைசி 10 சதவீத வேகத்துக்குத்தான் விலை அதிகம். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டால் எந்தச் சிப்பும் சிக்கனமாகத்தான் தெரியும். ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட் வரை இழுக்கக்கூடியது. வாட்டைக் குறைக்கும் ஈகோ மோடில் 88 வாட்டுக்குள் அடக்கினாலும் பல நிரல்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு வேகம் அப்படியே நிற்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிடிபி என்ற அந்த எண் சிப் இழுக்கும் வாட் அல்ல. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் சாக்கெட் வழியாகப் போகக்கூடிய உச்சம் பிபிடி எனப்படும். அது டிடிபியைப்போல் சுமார் 1.35 மடங்கு. 65 என்றால் 88, 105 என்றால் 142, 120 என்றால் 162, 170 என்றால் 230. இன்டெலில் இரண்டு எண்கள். கோர் ஐ9 13900கே-க்கு அடிப்படை 125 வாட், டர்போ உச்சம் 253 வாட். சில நொடிகளுக்குத்தான் 253 என்று நினைக்க வேண்டாம், கே வரிசையில் குளிரூட்டல் தாங்கும்வரை அதே உச்சத்தில் ஓட அனுமதி உண்டு.

இதற்கு மேல் மதர்போர்டு செய்யும் வேலை தனி. பல இன்டெல் போர்டுகளில் வாட் எல்லை 4096 என்று, அதாவது எல்லையே இல்லாமல், போடப்பட்டிருந்தது. 13, 14-ஆம் தலைமுறைச் சிப்கள் நிலைதடுமாறிய விவகாரத்துக்குப் பிறகு, 2024-இல் இன்டெல் தன் இயல்பு அமைப்புகளைப் போர்டுகளில் வைக்கச் சொன்னது. அந்த ஆண்டு ஆகஸ்டில் சிப்பின் உள் கட்டளைகளைத் திருத்தும் 0எக்ஸ்129 மைக்ரோகோடு வந்தது. அதற்கு முன் எடுத்த 13900கே, 14900கே அளவீடுகளை இன்றைய சிப்போடு நேருக்கு நேர் வைத்துப் பேசுவதில் பயனில்லை. சோதனைக்கு உட்காரும்போது பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ் தேர்வாகியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ‘ஆட்டோ’ என்று இருந்தால் அது போர்டுக்குப் போர்டு மாறும்.

அடுத்தது, எங்கே அளப்பது. மூன்று இடங்கள் உண்டு, மூன்றும் மூன்று எண் தரும்.

எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கண்காணிப்பு மென்பொருளில் தெரியும் பேக்கேஜ் பவர், அதாவது சிப் முழுவதும் இழுக்கும் வாட், பார்க்கச் சுலபம். ஆனால் அது போர்டு சொல்லும் தகவலை நம்பி வருவது. முந்தைய ஏஎம்4 சாக்கெட் காலத்தில் சில போர்டுகள் மின்னோட்டத்தைக் குறைத்துச் சொல்லி, சிப்பை ஏமாற்றி, கூடுதல் வேகம் எடுக்க வைத்தன. ஆகவே ஒரே ஒரு முறையாவது கம்பியில் அளந்து சரிபார்ப்பது நல்லது. ப்ராசஸருக்குப் போகும் 8 பின் இபிஎஸ் கேபிளில் நாலு 12 வோல்ட் கம்பிகளை மட்டும் பிரித்து கிளாம்ப் மீட்டரை மாட்டுங்கள். நாலு தரைக் கம்பியும் சேர்ந்து உள்ளே போனால் மின்னோட்டம் ஒன்றையொன்று கழித்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டும். மீட்டர் டிசி அளப்பதாக இருக்க வேண்டும். எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏசி மட்டுமே அளக்கும். மாட்டுவதற்கு முன் ஜீரோ பட்டனை அழுத்த மறக்காதீர்கள். 88 வாட்டில் ஓடும் சிப்புக்கு இங்கே 8 ஆம்பியர் சுற்றுவட்டாரத்தில் வரும், அதாவது 97 வாட் அளவு. கூடுதலாகத் தெரியும் அந்த 9 வாட், போர்டில் 12 வோல்ட்டைச் சிப்புக்கு ஏற்ப இறக்கித் தரும் விஆர்எம்மில் சூடாகப் போவது. சில போர்டுகள் சிப்புக்கான மின்சாரத்தில் ஒரு பகுதியை 24 பின் கேபிள் வழியாகவும் எடுக்கும். இன்டெலின் கோர் அல்ட்ரா 200 வரிசை வந்தபோது இது பலரைக் குழப்பியது. எண் சந்தேகமாகக் குறைந்திருந்தால் அந்தக் கேபிளையும் அளந்து பாருங்கள்.

மூன்றாவது, சுவர் பிளக்கில் மீட்டர். மின்கட்டணம் கட்டுகிறவருக்கு இதுதான் உண்மையான எண். ஆனால் கணினியின் மின் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸின் இழப்பும் இதில் சேர்ந்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸின் சிக்கனத்துக்குத் தரும் 80 பிளஸ் கோல்டு சான்று 20 சதவீதச் சுமையிலிருந்துதான் பேசுகிறது. 850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் சும்மா இருக்கும் கணினி 60 வாட் இழுத்தால் அது 7 சதவீதச் சுமை. அந்த இடத்தில் கோல்டு என்ற முத்திரை எந்த வாக்குறுதியும் தரவில்லை. இரண்டு ப்ராசஸரை சுவரில் அளந்து ஒப்பிட வேண்டுமானால் ஒரே எஸ்எம்பிஎஸ், ஒரே கிராஃபிக்ஸ் கார்டு, ஒரே எண்ணிக்கை ஃபேன்.

வாட் மட்டும் போதாது, வேலை முடிய எவ்வளவு நேரம் என்பதோடு பெருக்க வேண்டும். மாதிரிக் கணக்கு ஒன்று. ஒரு வீடியோவை மாற்ற 142 வாட்டில் 600 நொடி, 88 வாட்டில் 650 நொடி, 45 வாட்டில் 950 நொடி ஆகிறது என்று கொள்வோம். சிப் மட்டும் செலவழித்தது முறையே 23.7, 15.9, 11.9 வாட்-மணி. 45 வாட்தான் ஜெயித்தது போலத் தெரிகிறது. ஆனால் ரேம், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு, ஃபேன் எல்லாம் சேர்ந்து 60 வாட் இழுத்துக்கொண்டே இருக்குமே! அதையும் கூட்டினால் 33.7, 26.7, 27.7. இப்போது 88 வாட் முந்திவிட்டது. ரொம்பவும் இறுக்கினால் வேலை இழுத்துக்கொண்டு போகும் நேரம் முழுக்க மற்ற பாகங்களுக்குத் தண்டமாக அழ வேண்டியிருக்கும். சிப்பை மட்டும் பார்த்தபோது 142இலிருந்து 88க்கு இறங்கியதில் 33 சதவீதம் மிச்சம், முழுக் கணினியில் அது 21தான். விளம்பரத்தில் முதல் எண்தான் வரும்.

நாள் முழுக்கச் சும்மா இருக்கும் கணினியில் கதையே வேறு. பில் போடும் கவுன்ட்டரிலும் அலுவலக மேசையிலும் ப்ராசஸர் பெரும்பாலான நேரம் ஒன்றும் செய்வதில்லை. 9700எக்ஸ் போன்ற ரைசன்களில் கோர்கள் ஒரு சில்லிலும், ரேம், பிசிஐ எல்லாம் பார்க்கும் ஐஓ பகுதி வேறு சில்லிலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இணைப்பு தூங்குவதில்லை. ஆகவே சும்மா இருக்கும்போதும் பேக்கேஜ் பவர் 20 வாட்டுக்கு மேல் காட்டுவது சகஜம். ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ அமைப்பைப் போட்டு 6000க்கு ஏற்றினால், ஐஓ பகுதிக்கான எஸ்ஓசி மின்னழுத்தம் கூடி, அதுவும் கொஞ்சம் ஏறும். இந்த ஒரு விஷயத்தில் இன்டெல் சிப்கள் பொதுவாகச் சிக்கனம். முழுச்சுமையில் 250 வாட் விழுங்குகிற அதே சிப், சும்மா இருக்கும்போது போட்டியாளரைவிடக் குறைவாக இழுக்கும். ரெண்டரிங் வரைபடத்தை மட்டும் பார்த்து அலுவலகத்துக்கு இருபது கணினி வாங்குகிறவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

விளையாட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. 4கே-யில் சோதித்தால் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் சோதிக்கிறீர்கள். 1080பி-யில், இருப்பதிலேயே வேகமான கார்டோடு, சராசரியோடு, மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் வந்த 7800எக்ஸ்3டி 96 எம்பி எல்3 கேஷை வைத்துக்கொண்டு, தன் 162 வாட் உச்சத்தின் பக்கமே போகாமல் முன்னணியில் நின்றது. விளையாட்டில் வாட்டைக் கொட்டுவதைவிட கேஷ் பெரிதாக இருப்பது பலன் தருகிறது.

விண்டோஸும் எண்ணை மாற்றும். 9700எக்ஸ் வந்த புதிதில் ஏஎம்டி சொன்ன எண்களும் வெளியாட்கள் எடுத்த எண்களும் ஒத்துப்போகவில்லை. ஏஎம்டி விண்டோஸின் நிர்வாகி (அட்மினிஸ்ட்ரேட்டர்) கணக்கில் சோதித்திருந்தது. பிறகு விண்டோஸ் 11 24எச்2 பதிப்பிலும், 23எச்2-வுக்கு வந்த கேபி5041587 புதுப்பிப்பிலும் ப்ராஞ்ச் பிரெடிக்ஷன் (நிரல் அடுத்து எந்த வழியில் போகும் என்று சிப் ஊகிப்பது) தொடர்பான திருத்தம் கிடைத்து விளையாட்டு வேகம் ஏறியது. ஜென் 4, ஜென் 3 சிப்களுக்கும் அதனால் லாபம். ஆகவே புதியதைப் புது விண்டோஸிலும் பழையதைப் போன வருட அட்டவணையிலும் எடுத்து ஒப்பிட்டால், விண்டோஸின் புண்ணியம் சிப்புக்குப் போய்விடும். இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே பதிப்பில் ஓட்டுங்கள். 2024 செப்டம்பரில் அஜீசா 1.2.0.2 என்ற, பயாஸோடு வரும் ஏஎம்டி நிரல் மூலம் 9700எக்ஸுக்கு உத்தரவாதம் கெடாத 105 வாட் தேர்வும் வந்தது. எல்லா கோரும் ஓடும் வேலையில் ஓரளவு பலன், விளையாட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்தத் தேர்வோடு எடுத்த மதிப்பெண்ணையும் 65 வாட் மின்செலவையும் ஒன்றாக்கிப் போடும் அட்டவணைகள் இணையத்தில் உண்டு, உஷார்.

ஓட்டும்போது ஒரே தடவை சினிபெஞ்ச் என்ற சோதனை நிரலை அடித்துவிட்டு எழுந்துபோக வேண்டாம். முதல் ஓட்டத்தில் கூலர் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். பத்து நிமிடம் தொடர்ந்து ஓட்டி, கடைசி ஐந்து நிமிடத்தின் சராசரி வாட்டை எடுங்கள். மூன்று முறை ஓட்டி நடு மதிப்பை வையுங்கள். அறை வெப்பநிலையையும் எழுதுங்கள். இணையத்தில் வரும் சோதனைகள் பெரும்பாலும் 20-25 டிகிரி அறையில் நடப்பவை. மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறை 35 டிகிரியைத் தாண்டும், அறை எத்தனை டிகிரி கூடியதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி சிப்பின் சூடும் கூடும். 88 வாட் சிப்புக்கு இது பொருட்டல்ல. 253 வாட் சிப் 100 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்னொன்று: பெரிய கூலர் வாங்கினால் அறை சூடாகாது என்று நம்புகிறவர்கள் உண்டு. சிப்பின் டிகிரி குறையும், அறைக்குள் வரும் வெப்பம் குறையாது. 200 வாட் இழுத்தால் 200 வாட்டும் அறைக்குள்தான் வரும்.

வாங்கிய பிறகு வாட்டைக் குறைக்க நினைத்தால், ஏஎம்5 போர்டுகளில் பயாஸுக்குள் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் பகுதியில் ஈகோ மோடு இருக்கும். 105 அல்லது 65 என்று தேர்ந்தெடுத்தால் போதும். இன்டெலில் பிஎல்1 (நீடித்த எல்லை), பிஎல்2 (டர்போ எல்லை) இரண்டிலும் ஒரே எண், உதாரணமாக 125, போட்டால் வேலை முடிந்தது. ஏஎம்டியின் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் எண் கொடுத்து மின்னழுத்தத்தைக் குறைப்பது அடுத்த படி. மைனஸ் 10-இல் தொடங்குங்கள். அது தவறினால் முழுச்சுமையில் தெரியாது. சினிபெஞ்ச் சமர்த்தாக ஓடும், பிரவுசர் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகும்போது கணினி ரீஸ்டார்ட் ஆகும். ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவும் தருணத்தில்தான் மின்னழுத்தம் போதாமல் போகிறது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்ஈஏ என்ற வன்பொருள் பிழைகள் பதிவாகியிருந்தால் பூஜ்யத்தை நோக்கி ஐந்து நகருங்கள், மைனஸ் 10 என்றால் மைனஸ் 5.

பயாஸைப் புதுப்பித்தால் இந்த அமைப்புகள் பெரும்பாலும் அழிந்து, போர்டின் பழைய ‘ஆட்டோ’ திரும்பிவிடும். புதுப்பித்த கையோடு எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து முழுச்சுமையில் வாட் எங்கே நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.