புயலோதம்

'ஸ்டார்ம் சர்ஜ்' என்பதைத் தமிழில் 'புயல் அலை' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அலை வந்து அடிக்கும், சில நொடிகளில் திரும்பிப் போகும். இங்கே நடப்பது வேறு. கடலின் மட்டமே மேலேறி ஊருக்குள் வந்து, சில மணி நேரம் அங்கேயே நிற்கும். வழக்கமான அலைகள் அந்த உயர்ந்த நீரின் மேல் ஏறி வந்து அடிக்கும். 'சர்ஜ்' என்ற சொல்லின் மூலமான 'சுர்கெரே' என்னும் இலத்தீன் வினைக்கும் எழுதல் என்பதே பொருள். அலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. 2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் பிலிப்பைன்சைத் தாக்கியபோது 'ஸ்டார்ம் சர்ஜ்' வரும் என்ற எச்சரிக்கை முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தது. டக்ளோபான் நகரத்தில் பலருக்கு அந்தச் சொல் புரியவில்லை. பலத்த காற்றும் மழையும்தான் வரும் என்று வீட்டிலேயே இருந்தார்கள். 5 மீட்டர் அளவுக்குக் கடல் ஏறியது. நாடு முழுவதும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 'சுனாமி மாதிரி வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்' என்றார்கள் தப்பியவர்கள்.

தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது: ஓதம். கடல் பொங்குவதையும் ஏற்றவற்றத்தையும் குறித்த பழஞ்சொல் இது. இன்று 'சுவரில் ஓதம் ஏறியிருக்கு' என்று ஈரத்துக்குத்தான் அதிகம் சொல்கிறோம். அதுவும் கீழிருந்து மேலேறும் நீர்தானே! நிலவால் எழுவது ஓதம் என்றால், புயலால் எழுவது புயலோதம். கரையில் கடைசியாக ஏறும் உயரம் இரண்டும் சேர்ந்ததுதான். ஏற்றநேரத்தில் புயல் கரை கடந்தால் ஆபத்து கூடுவது அதனால்தான். இந்தக் கூட்டல் கணக்கு 'புயல் அலை' என்ற சொல்லில் தெரியவே தெரியாது.

கடலை உயர்த்துவது எது? காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரும். 50 குறைந்தாலும் அரை மீட்டர்தான். மீதியெல்லாம் காற்றின் வேலை. கரையை நோக்கி வீசும் காற்று நீரைத் தள்ளிக்கொண்டே வரும். ஆழ்கடலில் அந்த நீர் அடிவழியே திரும்பிவிடும். ஆழமில்லாத கடலில் திரும்ப இடமில்லாமல் குவியும். வங்கக் கடலின் வடகோடி ஆழமற்றது, புனல்போல் குறுகுவது. 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசக் கரையில் இலட்சக்கணக்கான உயிர்கள் போனதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். நம் பாக் விரிகுடாவும் பெரும்பாலும் 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல்தான். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்குள் ஏறி, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது புயலோதமே.

இதை முன்கூட்டிக் கணக்கிடும் முறைக்கு 'நியூமெரிகல் மாடலிங்' என்று பெயர். 'எண்ணியல் மாதிரியாக்கம்' என்கிறோம். மாதிரி என்றதும் கடைக்காரர் காட்டும் துணித்துண்டு நினைவுக்கு வரலாம். இங்கே மாதிரி என்பது கணினிக்குள் எண்களால் கட்டிய கடல். கடற்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆழத்தைக் கொடுப்பார்கள். புயலின் பாதை, வேகம், மைய அழுத்தம், உச்சக் காற்று வீசும் வளையத்தின் ஆரம் ஆகியவற்றைச் சேர்ப்பார்கள். எந்தக் கட்டத்திலிருந்து எதற்கு எவ்வளவு நீர் நகரும் என்பதைச் சில நொடிகளுக்கு ஒருமுறை என்ற கணக்கில் கணினி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் தேசியக் கடல் தகவல் மையம் பயன்படுத்தும் 'ஆட்சர்க்' மாதிரியில் கட்டங்கள் முக்கோணங்கள்: ஆழ்கடலில் பெரியவை, கரையருகே மிகச் சிறியவை. முகத்துவாரத்தின் வளைவுகூடக் கணக்கில் வர வேண்டும் அல்லவா?

ஆனாலும் புயலின் பாதை சற்று விலகினால் விடையே மாறிவிடும். வங்கக் கடலை ஒட்டிய நம் கரையில், மேற்கே நகரும் புயலின் மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். ஓதம் அங்கேதான் ஏறும். தெற்கே காற்று நிலத்திலிருந்து வீசுவதால் கடல் உள்வாங்குவதும் உண்டு. ஆகவே ஒரே பாதையை நம்பாமல், சாத்தியமான பல பாதைகளுக்கும் கணக்குப் போடுகிறார்கள்.

அந்தக் கணக்கின் விடை கரையோர மக்களிடம் இப்படிப் போய்ச் சேர வேண்டும்: 'புயலோதம் வருகிறது. வழக்கமான ஏற்றத்துக்கும் மேலே 2 மீட்டர் கடல் உயரும். ஊருக்குள் வரும், உடனே வடியாது. இன்று மாலைக்குள் மேட்டுக்குப் போய்விடுங்கள்.'